வீடு ஏலம் போன பிறகு: திருப்பூர்க் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்தக் குடும்பத்தினர் எல்லாரும் இதை எழுத ஒப்புக்கொண்டார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். கொங்கு வட்டாரத்தில் முதியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஆலோசனை சொல்லும் சிறு தன்னார்வக் குழுவில் நான் இருக்கிறேன். தொழில் நொடித்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கடனைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். கடனுக்கு வங்கி இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், தீர்ப்பாயம் இருக்கிறது. பெற்றவர்கள் இனி எங்கே, யாரோடு, என்ன மரியாதையோடு இருப்பது என்று கேட்கத்தான் ஆள் இல்லை. இந்தப் பதிவு அந்தப் பக்கத்தைப் பற்றியது.

பின்னணி

2023இல் தந்தைக்கு 74 வயது, தாய்க்கு 69. தந்தை 1970களில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலைக்குச் சேர்ந்தவர். 1987இல் தன் தம்பியோடு கூட்டாகச் சாயப்பட்டறை தொடங்கினார். திருப்பூர் ஏற்றுமதி மளமளவென்று ஏறிய காலம் அது. பத்து ஆண்டுகளில் சொந்த இடம், மாடி வீடு, கார் எல்லாம் வந்தன.

பணத்தோடு சேர்ந்து சொந்தபந்தத்தில் அவருடைய இடமும் உயர்ந்தது. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பெரிய மொய் அவருடையது. படிப்புச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, கோயில் திருப்பணி என்று எதற்கும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். கொடுத்ததை எங்கும் எழுதி வைத்ததில்லை. "எழுதி வச்சா அப்புறம் அது கொடுத்த மாதிரி இருக்காதுங்க தம்பி" என்று என்னிடம் சொன்னார். அவர் பெருந்தன்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பட்டறைப் பணம் எது, வீட்டுப் பணம் எது என்று பிரிக்காத பழக்கமும் அதே இடத்தில்தான் வளர்ந்தது. தம்பிக்கு மாதம் இவ்வளவு என்று வரையறை இல்லை. மனைவி கேட்டால் கல்லாவிலிருந்து பணம் வரும், கேட்காவிட்டால் வராது.

மகள் மூத்தவர். 2003இல் ஈரோட்டில் கட்டிக் கொடுத்தார்கள். மகன் பொறியியல் படித்துவிட்டுத் தொழிலுக்கு வந்தவர்.

நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணை வரை போய்ப் பாசன நிலத்தைக் கெடுத்ததை எதிர்த்து, கீழ்ப்பகுதி விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மின் இணைப்பையும் துண்டிக்கச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது என்பதை இந்தத் தந்தையே மறுக்கவில்லை. ஆனால் பட்டறை நின்ற ஆறாவது மாதம் அண்ணன் தம்பி கூட்டு முறிந்தது. தம்பி தன் பங்குக்கு இரண்டு மனைகளை எடுத்துக்கொண்டு விலகினார். அண்ணன் பட்டறையையும் வங்கிக் கடனையும் வைத்துக்கொண்டார். தம்பி அந்த மனைகளில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார், பின்னால் நிலமும் வாங்கினார். இருவரும் அதற்குப் பிறகு 12 ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை.

கம்பெனி விழுந்த விதம்

பட்டறையை விற்ற பணத்தில் மகன் 2013இல் ஆயத்த ஆடைக் கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டு, அப்பாவின் சொத்தில் தனக்கு உரிமை வேண்டாம் என்று மகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அதற்கு ஈடாக மூன்று லட்சம் ரூபாயும் ஒரு பட்டுப்புடவையும் கொடுத்தார்கள். 2015இல் தந்தை தன் பெயரில் இருந்த ஒரு மனையை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லை. சொந்த மகனிடம் அதை எழுதிக் கேட்பது அவமானம் என்று அவர் நினைத்தார்.

2018இல் வங்கிக் கடன் வரம்பைக் கூட்டியபோது வீடு அடமானத்துக்குப் போனது. தந்தை ஜாமீன் கையெழுத்தும் போட்டார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். அவருக்கு அப்போது 69 வயது. அந்தக் கையெழுத்தின் கனத்தை யாரும் உட்காரவைத்து அவருக்குச் சொல்லவில்லை. தாய் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

2020 ஊரடங்கில் அரசின் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் கூடுதல் கடன் கிடைத்தது. அது மூச்சுவிட நேரம் கொடுத்தது, கூடவே பாக்கியையும் ஏற்றியது. 2021 இறுதியில் நூல் விலை ஏறத் தொடங்கியது. வெளிநாட்டு ஆர்டருக்கு விலை பேசி முடிப்பது மாதக்கணக்கில் முன்னால். நூல் மில்களோ மாதா மாதம் புது விலை சொல்வார்கள். பேசிய விலைக்குச் சரக்கு அனுப்பினால் நஷ்டம், அனுப்பாவிட்டால் பார்ட்டி கைவிட்டுப் போகும். மகன் அனுப்பினார். அந்த நஷ்டத்தை அடைக்க, 2015இல் கிடைத்த மனையை விற்றார். அக்காவிடம் 24 பவுன் நகை வாங்கி அடகு வைத்தார். பிறகு அது மூழ்கிப்போனது.

2022 ஆகஸ்டில் கணக்கு வாராக்கடன் ஆனது. நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிதரும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வந்தது. 2023 மே மாதம் வீடு ஏலம் போனது. ஏலத் தொகை போக மீதிக் கடனுக்கு வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மகன் மீதும் தந்தை மீதும் மனுப் போட்டது.

எங்களிடம் வந்தபோது

2023 ஜூலையில் மகள் வந்தார். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் தன் தம்பி மீது, அதாவது இந்த வீட்டு மகன் மீது, மனுப் போட வேண்டும் என்றார். வீட்டைக் காலி செய்த அன்றே பெற்றோர் பிரிந்திருந்தார்கள். தந்தை மகனோடு கோவையில் இரண்டு அறை வாடகை வீட்டில். தாய் மகளோடு ஈரோட்டில். 47 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களை இப்படிப் பிரித்ததை யாரும் ஒரு முடிவாகப் பேசி எடுக்கவில்லை. "அங்க இடம் பத்தாது, அம்மா இங்க இருக்கட்டும்" என்று தொடங்கியது, அப்படியே நின்றுவிட்டது.

மகளின் கோபத்தில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடந்தன. விடுதலைப் பத்திரம் ஒன்று, மூழ்கிய நகை ஒன்று, தாயைத் தான் மட்டும் பார்த்துக்கொள்கிறோம் என்ற ஆற்றாமை ஒன்று. அவர் கணவர் நல்ல மனிதர். மாமியாரை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் நகை பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

நாங்கள் பார்த்தவை

முதலில் தந்தையைத் தனியாகப் பார்க்கப் போனேன். கடனைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஆண்டு தான் போகாத கல்யாணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் வீட்டு விசேஷங்களுக்கு வந்த மொய்யைத் திருப்பி வைக்கக் கையில் பணம் இல்லை. வைக்காமல் போய் உட்கார மனம் இல்லை. அழைப்பிதழ் வந்தால் பிரிக்காமலே வைத்துவிடுவார். கணவர் போகாததால் மனைவியும் தன் அக்கா பேரன் கல்யாணத்துக்குப் போகவில்லை. தூக்கம் கெட்டிருந்தது, எடை குறைந்திருந்தது. காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் பேருந்து நிறுத்தத்தில் மதியம் வரை உட்கார்ந்துவிட்டு வருவதாக மகன் சொன்னார்.

அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு அறவே இல்லை. மகனுக்குத் தன்னால்தான் வீடு போனது என்ற குற்ற உணர்வு. தந்தைக்கோ, தான் கட்டிக் கொடுத்த பாதையில் வந்ததால்தான் மகன் கெட்டான் என்ற எண்ணம். இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை பேச்சாவது தொடங்கியிருக்கும்.

தந்தையின் தம்பி குடும்பத்தில் கண்டது என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவரைச் சந்தித்தபோது வீடு ஏலம் போன தேதி வரை அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டேன். "நான் போனா, எப்படி விழுந்தாங்கன்னு பார்க்க வந்தேன்னு அண்ணன் நினைப்பாருங்க" என்றார். அதே கேள்விக்கு அண்ணன் சொன்ன பதில்: "நான் போனா, பணம் கேட்க வந்தேன்னு அவன் வீட்டுல நினைப்பாங்க." தம்பியின் வசதி இருவரையும் தடுத்தது. இருவரும் சம நிலையில் இருந்திருந்தால், 2011இன் சண்டை ஏதாவது ஒரு துக்க வீட்டில் தானாகவே முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கொடுத்தே பழகிய மனிதர் வாங்கும் இடத்தில் நிற்பது எப்படி என்று 74 வயதில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவரிடம் வாங்கியே பழகியவர்களுக்கும் அவரை எப்படி அணுகுவது என்று தெரியவில்லை.

தாயிடம் பேசியது மூன்றாவது சந்திப்பில்தான். அதுவரை எல்லாரும் அவருக்காகப் பேசினார்கள். மகள் சமையலறைக்குப் போன நேரத்தில் அவர் மெல்லச் சொன்னார், தபால் நிலையத்தில் தன் பெயரில் ஒன்பது லட்சம் இருக்கிறது என்று. பிறந்த வீட்டு நிலத்தை விற்றபோது அண்ணன்கள் கொடுத்த பங்கு அது. கணவருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. "தெரிஞ்சா கம்பெனிக்குப் போயிருக்கும் சாமி" என்றார். வீடு ஏலம் போகும்போதும் அதை வெளியே சொல்லாததற்காக அவர் ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறார். அவர் செய்தது தவறே இல்லை என்று அங்கேயே சொன்னேன். அந்தத் தொகை ஏலத்தை நிறுத்தியிருக்காது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

பராமரிப்பு மனுவை உடனே போட வேண்டாம் என்று மகளிடம் சொன்னோம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய்தான் உத்தரவிட முடியும். மகன் அப்போதுதான் வேறொரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக 38,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்திருந்தார். கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. இன்னொன்றும் இருந்தது. அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகளும் சேர்த்திதான். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததால் பொறுப்பும் போய்விட்டது என்று மகள் நினைத்திருந்தார். சொத்துரிமை வேறு, பராமரிப்புப் பொறுப்பு வேறு என்று விளக்கினோம்.

2015 செட்டில்மெண்ட்டை ரத்து செய்யலாமா என்றும் பார்த்தோம். அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் சொத்து கொடுக்கப்பட்டது என்பதைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருந்தது. (2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, முதியவர்களுக்குச் சாதகமாக இந்தப் பிரிவைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. அப்போது அது வரவில்லை.) எப்படியும் அந்த மனை மூன்றாம் ஆளுக்கு விற்கப்பட்டுவிட்டது. ரத்து மனு போட்டால் வழக்குச் செலவும் பகையும்தான் மிஞ்சும்.

அதனால் வரிசையை மாற்றினோம். பணக்கணக்கு பிறகு, முதலில் இருவரும் ஒரே கூரையின் கீழ் வரட்டும் என்று முடிவு செய்தோம். அதற்கு முன்பாகவே தந்தையை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். மனச்சோர்வு என்று கண்டு மருந்து தொடங்கினார்கள். இதைத் தள்ளிப்போட்டிருந்தால் மற்ற எந்தப் பேச்சுக்கும் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

தாயின் பணத்தை யாரும் தொடக்கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். மகன் முதலில் அதைக் காட்டி வங்கியோடு ஒரே தவணைத் தீர்வு பேசலாம் என்றார். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை, அப்பாவைக் கடனிலிருந்து விடுவிக்கத்தான் நினைத்தார். ஆனால் தாய் ஜாமீன்தாரர் இல்லை, அது அவருடைய சீதனப் பணம், அவருக்கு வேறு வருமானமும் இல்லை. முதிர்ந்த வைப்புகளை எடுத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட உதவினோம். அப்போது வட்டி 8.2 சதவீதம். காலாண்டுக்கு 18,450 ரூபாய், அதாவது மாதம் 6,150 ரூபாய் அவர் கணக்கில் வரும். கல்யாணமாகி இத்தனை ஆண்டுகளில் யாரையும் கேட்காமல் அவர் செலவு செய்யக்கூடிய முதல் பணம் அதுதான்.

பெற்றோர் குடியிருக்க வீடு கேட்டுத் தந்தையின் தம்பியிடம் போனோம். லைன் வீட்டில் கடைசி வீடு காலியாக இருந்தது. சும்மாவே தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். இலவசமாகக் கொடுத்தால் அண்ணன் வரமாட்டார், வந்தாலும் தலை நிமிர்ந்து இருக்கமாட்டார். மாதம் 3,000 ரூபாய் வாடகை, 11 மாத ஒப்பந்தம், தாயின் பெயரில் என்று எழுதினோம். வாடகை ரசீது மாதா மாதம் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தோம். தம்பிக்கு அது மன வருத்தம்தான். "அண்ணனுக்கு ரசீது போடறதா?" என்று கேட்டார். அண்ணனோ ரசீது உண்டு என்று கேட்ட பிறகுதான் சம்மதித்தார்.

கடைசியாக எல்லாரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, கடன்களை ஒரே தாளில் எழுதினோம். வங்கி, நூல் மில், சீட்டு, சொந்தங்களிடம் கைமாத்து. தந்தை நினைவில் இருந்த கைமாத்தும் மகன் நினைவில் இருந்ததும் பொருந்தவில்லை. இரண்டு பேருக்கு இருவருமே தனித்தனியாகப் பணம் கொடுத்துக் கடனை அடைத்திருந்தார்கள். ஒருவர் இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

நகை விஷயம்தான் அதிக நேரம் எடுத்தது. அடகு வைத்தபோது பவுன் 36,000 ரூபாய் சுமாருக்கு இருந்தது. அந்த விலைக்கு ரூபாயாகத் தருகிறேன் என்றார் மகன். தங்கமாகத்தான் வேண்டும் என்றார் மருமகன். இருவருக்கும் அவரவர் நியாயம் இருந்தது. முடிவைச் சொன்னவர் மகள்தான்: "24ம் வேண்டாம். என் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்துப் பவுன் தம்பி கையால வரட்டும், போதும்." மகன் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடனைக் காலவரம்புக்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து புதிய மூன்று ஆண்டு தொடங்கும் என்பதால் தேதியையும் தெளிவாகப் போட்டோம். மகன் பெற்றோருக்கு மாதம் 5,000, மகள் மருந்துச் செலவு என்று பங்கும் பிரிந்தது.

பிறகு நடந்தவை

2023 அக்டோபரில் பெற்றோர் லைன் வீட்டுக்குக் குடிவந்தார்கள். முதல் வாரம் அண்ணனும் தம்பியும் வாசலில் பார்த்துக்கொண்டும் பேசவில்லை. மாதம் பிறந்ததும் தந்தை வாடகையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். ரசீது எழுதும் நேரத்துக்குக் காபி வந்தது. அதிலிருந்து முதல் தேதி என்றால் அவர் போவது வழக்கமானது. 2011 பற்றி இருவரும் இன்றுவரை பேசவில்லை. பேசத்தான் வேண்டுமா என்றால், தேவையில்லை என்பதே என் கருத்து.

மொய் பிரச்சினைக்கு வழி கண்டது தாய். தன் வட்டிப் பணத்தில் 500 ரூபாய் மொய் வைத்து, கணவர் பெயரையே எழுதச் சொன்னார். முதல் கல்யாணத்துக்குத் தந்தை மிகுந்த தயக்கத்தோடு போனார். பந்தியில் பழைய பட்டறைத் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் பேசியிருக்கிறார். அதன்பிறகு அழைப்பிதழ்களைப் பிரிக்கிறார். ஏழு மாதத்தில் மருத்துவர் மருந்தைக் குறைத்தார்.

மகனோடு உறவு அவ்வளவு எளிதாகச் சரியாகவில்லை. பணம் மாதம் தவறாமல் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆள் வருவது குறைவு. அவர் மனைவி, தன் நகைகளும் போனதை யாரும் கேட்கவே இல்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அது உண்மை. மேசையில் எழுதிய தாளில் அந்த 18 பவுன் இல்லை. மருமகளின் நகை குடும்பச் சொத்து போலவும், மகளின் நகை கடன் போலவும் எல்லாரும் பார்த்தார்கள். 2024இல் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தோம். திருப்பிக் கொடுக்க வழி இல்லை என்றாலும், மாமனார் அதை வாய்விட்டுச் சொல்லி எழுதவைத்தார்.

பத்துப் பவுனில் இரண்டு வந்திருக்கிறது. 2025இல் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டிய பிறகு மகனால் வாங்க முடியவில்லை. அக்கா கேட்கவில்லை, ஆனால் தம்பி அதனாலேயே ஈரோட்டுக்குப் போவதைத் தவிர்க்கிறார். வங்கி வழக்கு இன்னும் நடக்கிறது.

மாற்ற வேண்டியவை

தொழில் செய்யும் குடும்பத்தில் 60 வயதைத் தாண்டியவரிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்டால், குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒரு ஆடிட்டரோ வக்கீலோ அவரிடம் தனியாகப் பேச வேண்டும். குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்தால் மனைவிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனையைக் கூச்சப்படாமல் சேர்க்கலாம். பல ஆவண எழுத்தர்களிடம் அந்த வாசகம் தயாராகவே இருக்கிறது, கேட்டால் போடுவார்கள்.

நகைக் கடனை இப்போது நாங்கள் எழுதுவது வேறு மாதிரி. பவுன் கணக்கோடு, ஆண்டுக்கு அதிகபட்சம் இவ்வளவு ரூபாய் என்ற வரம்பும் சேர்த்து எழுதுகிறோம். விலை ஏறினால் கொடுக்கும் காலம் நீளும், கொடுப்பவர் ஒளிய வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்தின் ஒப்புதல் தாளையும் அப்படி மாற்றி எழுதலாம் என்று அக்கா தம்பி இருவரிடமும் சொல்லியிருக்கிறோம். அக்கா சம்மதித்துவிட்டார். தம்பி, தன் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கடன் பட்டியல் எழுதும்போது மருமகள்களையும் முதல் நாளே மேசைக்கு அழைக்கிறோம். பெற்றோர் இருவரையும் தனித்தனியாக, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல், முதல் சந்திப்பிலேயே பார்க்கிறோம்.